பனி விழுந்ததும் வாருங்கள்

ஆகஸ்ட் 21, புதன்: டோபர்மோரி, மனிட்டூலின் தீவு

மே மாதம் கனடா வந்த அம்மா அதற்குள் நயாகராவை இரண்டு முறை பார்த்துவிட்டார். மூன்றாவது முறை ஒரு உறவினர் கூப்பிட்டபோது, "தண்ணி அதே எடத்துலதான விழுது, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். சரி என்று ஜூலையில் கிளைன்பர்க்கில் இருக்கும் மக்மைக்கேல் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பனியும் பைன் மரமுமாக இருந்த அறைகளை வேகமாகக் கடந்தவர், நார்வல் மோரிசோவின் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். விரல் தடிமனுக்குக் கறுப்புக் கோடு. கோட்டுக்குள் ஆரஞ்சு, நீலம், பச்சை, ஒன்றோடொன்று குழையாமல் அப்படியே. மீனின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. மீனிடமிருந்து ஒரு கோடு கிளம்பி மனிதனிடம் போய்ச் சேர்கிறது.

"இது என்ன கதைடா?"

அம்மா மன்னார்குடிப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவர். படம் என்று ஒன்று இருந்தால் கதை இருந்தே ஆக வேண்டும் அவருக்கு. சுவரில் இருந்த அட்டையில் ஓவியர் பெயர், ஆண்டு, அக்ரிலிக் என்ற தகவல், அவ்வளவுதான்.

கதையைத் தேடித்தான் இந்த ஏழு நாள் பயணம். மோரிசோ ஒஜிப்வே பழங்குடி இனத்தவர். அந்த மக்கள் தங்களை அனிஷினாபே என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஹூரான், சுப்பீரியர் ஏரிகளைச் சுற்றி, கனடாவிலும் அமெரிக்காவிலுமாகப் பரவியிருக்கிறார்கள். தீவில் தொடங்கி ஏரிக்கரையோடு தண்டர் பே வரை காரில் போவது என்று திட்டம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நானும் அம்மாவும், பின்சீட்டில் ஒரு குட்டி ரைஸ் குக்கரும்.

தீவுக்குப் போகும் கப்பலின் பெயர் சீ-சீமான். நம் ஊர் அரசியலோடு சம்பந்தமில்லை, அவர்கள் மொழியில் 'பெரிய படகு'. கப்பலின் மூக்கு வாய் பிளந்து மேலே தூக்கிக்கொள்ள, கார்கள் உள்ளே போகின்றன. அம்மா இறங்கி நின்று மற்ற கார்கள் ஏறுவதையும் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். மேல்தளத்தில் காற்று பிய்த்தது. பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் கம்பளியை அம்மாவின் மேல் போர்த்திவிட்டு, இறங்கும் வரை திருப்பிக் கேட்கவே இல்லை. நாங்கள்தான் தேடிக் கொடுத்தோம்.

இரவு விடுதியில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, பனிக்கட்டி இயந்திரத்தை ஒட்டிய அறை கிடைத்தது. 165 டாலர். "பத்தாயிரம் ரூபாய்க்கு ஐஸ் கொட்டுற சத்தம்" என்றார் அம்மா. எல்லாவற்றையும் அறுபத்திரண்டால் பெருக்கிவிடுவார்.

ஆகஸ்ட் 22, வியாழன்: மிசிகீங்

நன்னீர் ஏரிக்குள் இருக்கும் தீவுகளில் உலகிலேயே பெரியது மனிட்டூலின். காரில் போகும்போது தீவு என்றே தோன்றாது. வைக்கோல் உருட்டிய வயல், மாடு, மறுபடி காடு.

மிசிகீங்கில் 1974 முதல் இயங்கும் ஒஜிப்வே பண்பாட்டு மையம் இருக்கிறது. எதிரிலேயே ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், வட்ட வடிவில், கூம்புக் கூரையோடு. உள்ளே சிலுவைப் பாதைப் படங்களை வரைந்தவர் இதே தீவைச் சேர்ந்த லேலண்ட் பெல். கோடுகள் மிகக் குறைவு. வேளாங்கண்ணிக்கு வருடா வருடம் போகும் அம்மாவுக்குப் படங்களின் வரிசை தெரியும். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இது வெரோனிக்கா, துணியால மொகம் தொடைக்கிறது" என்று எனக்கே விளக்கம் சொன்னார். கதை தெரிந்தால் படம் எவ்வளவு சீக்கிரம் திறந்துகொள்கிறது!

ஓவியர் டாஃப்னி ஓஜிக்கும் இந்தத் தீவில்தான், விக்வெமிகாங்கில், 1919-ல் பிறந்தார். தாத்தா கல்லறைக் கற்கள் செதுக்குபவர். அவரோடு உட்கார்ந்துதான் பேத்தி வரையக் கற்றாள். பிறகு வேலை தேடி வெளியூர் போனபோது பழங்குடிப் பெயருக்கு மரியாதை இல்லை என்பதால் குடும்பமே 'ஃபிஷர்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. கேட்டால் மீனவர் என்றுதான் தோன்றும். ஆனால் ஓஜிக் என்பது ஒரு மரநாய் வகை விலங்கு, அதற்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். பெயரை ஒளித்தபோதும் பொருளை விடாமல் வைத்திருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. 1973-ல் மோரிசோ உட்பட ஏழு பழங்குடி ஓவியர்கள் சேர்ந்து வின்னிபெக்கில் சங்கம் அமைத்தபோது அதன் மையமாக இருந்தவர் இவர்தான்.

மதியம் சாலையோரக் கடை ஒன்றில் வெண்மீன் பொரியல், 24 டாலர். நேற்று இரவு ஏரியில் இருந்த மீன் என்றார்கள். இருக்கலாம், அப்படி ஒரு இனிப்பு. அம்மா மஞ்சள்தூள் இல்லாத மீனைச் சந்தேகத்தோடு ஆரம்பித்து, என் தட்டில் முடித்தார்.

அதற்கடுத்த கைவினைக் கடையில்தான் அந்த அம்மாள் இருந்தார். எழுபது வயது இருக்கும். முள்ளம்பன்றி முள்ளால் செய்த உள்ளங்கை அகலப் பெட்டி, விலை 180 டாலர். அம்மா வழக்கம்போல என்னிடம், "நூத்திருபதுக்குக் கேளு" என்றார். நான் கேட்காமல் நெளிந்தேன். முகத்தைப் பார்த்தே அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து செய்முறை சொன்னார். கோடையில் பூர்ச்ச மரப்பட்டை உரித்து வர வேண்டும். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் முள்ளம்பன்றியிடமிருந்து முள் எடுத்து, கழுவி, அளவு வாரியாகப் பிரித்து, சாயம் ஏற்ற வேண்டும். ஊறவைத்து இளகிய முள்ளை, ஊசியால் துளையிட்ட பட்டைக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து, முனையை உட்பக்கம் மடக்க வேண்டும். மடக்கிய முனைகள் தெரியாமல் உள்ளே இன்னொரு பட்டை. விளிம்பில் வாசனைப்புல் வைத்துத் தையல். மூடியில் ஒரு ஆமை இருந்தது, எண்ணூறு முள்ளாவது இருக்கும்.

அம்மா பேசாமல் தன் கைப்பையிலிருந்து பணத்தை எடுத்தார். முழு 180.

அந்த இணக்கத்தில் நான் தைரியமாகக் கேட்டுவிட்டேன். மோரிசோ ஓவியங்களில் வரும் கதைகள் சிலவற்றைச் சொல்ல முடியுமா, அவர்கள் கதைகளின் தந்திரக்கார நாயகன் நானபுஷ் பற்றி ஒன்றாவது?

அவர் சன்னலைக் காட்டினார். வெளியே வெயில்.

"பனி விழுந்ததும் வாருங்கள்."

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். விளையாட்டு இல்லை. அவர்களிடம் கதை இரண்டு வகை. நேற்று நடந்தது, தாத்தா காலத்தில் நடந்தது, ஊர்ச் செய்தி எல்லாம் திபாஜிமோவின். எப்போதும் சொல்லலாம். நானபுஷ், இடிப்பறவை, உலகம் உண்டான விதம், இவையெல்லாம் ஆதிசூகான். தரையில் பனி கிடக்கும் காலத்தில் மட்டும்தான் சொல்ல வேண்டும். கோடையில் எல்லாம் விழித்திருக்கும், காது கேட்டுக்கொண்டிருக்கும். "இப்போது சொன்னால் இன்று இரவு உங்கள் அறைக்குப் பாம்பும் தவளையும் வரும்" என்றார், பாதி சிரிப்போடு. நம் உயர்திணை, அஃறிணை மாதிரி அவர்கள் மொழியில் உயிருள்ளது, உயிரற்றது என்று பெயர்ச்சொற்களைப் பிரிக்கிறார்கள். திபாஜிமோவின் உயிரற்ற பக்கம், ஆதிசூகான் உயிருள்ள பக்கம். கதையிலே வருகிறவர்களுக்கும் கதைக்கும் ஒரே சொல்தான்.

அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். ஆதி என்ற ஒலியைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. இதை வைத்து யாரும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம், தற்செயல் ஒற்றுமை, அவ்வளவுதான். "முப்பத்திரண்டு வருஷம் எல்லாக் கதையும் வெயில்லதானே சொன்னேன்" என்று அம்மா கவலைப்பட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

கிளம்பும்போது மெதுவாக இன்னொன்றும் சொன்னார். மூத்தவர்களிடம் கதையோ அறிவோ கேட்கப் போனால் கையில் கொஞ்சம் புகையிலை கொண்டு போக வேண்டும். வெறுங்கையோடு கேட்டிருக்கிறேன். காரில் ஏறும் வரை காது சுட்டது.

ஆகஸ்ட் 23, வெள்ளி: லிட்டில் கரண்ட், சூ செயின்ட் மேரி

தீவிலிருந்து வடக்கே வெளியேற ஒரே ஒரு ஒற்றைவழிப் பாலம். பகலில் மணிக்கு ஒருமுறை படகுகளுக்காகப் பக்கவாட்டில் திரும்பிக் கால் மணி நேரம் நிற்கும். நாங்கள் பதினொன்று அடித்து ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். முன்னால் நின்ற வண்டிக்காரர் இறங்கி வந்து, ஹா பழத்தில் செய்த ஜாம் தடவிய ரொட்டியை நீட்டினார். இந்தத் தீவுக்காரர்களுக்கு 'ஹா தின்னிகள்' என்றே பட்டப்பெயர். சின்னச் சிவப்புப் பழம், புளிப்பு.

மற்றபடி நாள் முழுக்க மழை, 17-ஆம் எண் நெடுஞ்சாலை, லாரி. சூவில் பெட்ரோல் போட்ட இடத்தில் புகையிலை ஒரு பொட்டலம் வாங்கினேன். விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், மீன் சாப்பாடு இரண்டு வந்திருக்கும். உறை மேல் அழுகிய நுரையீரல் படம். "இதையாடா சாமிக்கு வைக்கிறது?" என்றார் அம்மா. அப்புறம் அவரே, "நம்ம கருப்பனுக்குச் சுருட்டு வைக்கிறது இல்லியா, அது மாதிரிதான்" என்று சமாதானமாகி, ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் மாற்றிக் கட்டிவைத்தார்.

ஆகஸ்ட் 24, சனி: அகாவா, முதல் முறை

சூவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குமேல். சுப்பீரியரைக் கடல் என்று சொல்லாமல் இருக்க நிறையக் கட்டுப்பாடு வேண்டும். அகாவா பாறை ஏரிக்குள் நேராக இறங்கும் செங்குத்துச் சுவர். அதன் அடியில், தண்ணீரை ஒட்டிய சரிவுப் படியில் நின்றால்தான் ஓவியங்கள் தெரியும். அலை இருந்தால் போகக் கூடாது. அன்று அலை பாறையில் மோதிப் பனைமர உயரத்துக்கு எழும்பியது. பூங்கா ஊழியர் பெண் தலையை மட்டும் ஆட்டினார். "நாளைக் காலை பாருங்கள். ஏரிதான் முடிவு செய்யும்."

வடக்கே 90 கிலோமீட்டர் போய் வாவாவில் தங்கினோம். ஊர் வாசலில் இரும்பு வாத்து ஒன்று, இரண்டு லாரி உயரம். வாவா என்பதே வாத்தைக் குறிக்கும் ஒஜிப்வே சொல்லிலிருந்து வந்ததுதான். இரவுச் சாப்பாட்டுக்கு 'இந்தியன் டாக்கோ' என்று பலகையில் இருந்ததைப் பார்த்து அம்மா உற்சாகமாகிவிட்டார். அந்த இந்தியன் வேறு. எண்ணெயில் பொரித்த ரொட்டி மேல் மாட்டிறைச்சி. இறைச்சி இல்லாமல் கேட்டதும் பரிமாறிய பெண் முகம் சுளிக்காமல் பீன்ஸ் வைத்துக் கொண்டு வந்தார். "சோளாபட்டூராதான். மாவு இன்னும் கொஞ்சம் புளிச்சிருக்கணும்" என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு: அகாவா, மறுபடியும்

வந்த வழியே 90 கிலோமீட்டர். ஏரி கண்ணாடியாகக் கிடந்தது.

பாதை அரைக் கிலோமீட்டர்தான். ஆனால் பாறை பிளந்த இடுக்கு வழியே இறங்க வேண்டும். பாதி வழியில் அம்மாவின் முட்டி மறுத்துவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்து, கைக்குட்டையை என்னிடம் கொடுத்து, "எனக்கும் சேர்த்துப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

படி ஏரியை நோக்கிச் சரிந்திருக்கிறது. பிடிக்கக் கயிறு உண்டு. கொஞ்சம் புகையிலையை எனக்காகவும் கொஞ்சம் அம்மாவுக்காகவும் தண்ணீரில் விட்டேன். நிமிர்ந்தபோது நேர் எதிரே மிஷிபெஷு. தலையில் கொம்பு, முதுகு நெடுக முள், நீண்ட வால், பூனையுடல். ஏரிக்கு அடியில் வாழ்ந்து, செம்பைக் காத்து, புயலைக் கிளப்புகிறவன். காவிக்கல்லைப் பொடித்துக் கொழுப்பிலோ மீனெண்ணெயிலோ குழைத்து விரலால் வரைந்தது. கீழே இரண்டு பாம்பு, ஒரு படகு. நூற்றாண்டுகளாக அலையும் பனியும் அறைந்தும் அந்தச் சிவப்பு போகவில்லை.

இந்தப் பாறையைத் தேடி வெளியாள் ஒருவர் அலைந்த கதையும் உண்டு, திபாஜிமோவின் என்பதால் சொல்லலாம். ஷிங்வாகோன்ஸ் என்ற ஒஜிப்வே தலைவர் இந்தப் படங்களை மரப்பட்டையில் வரைந்து காட்ட, ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்கர் 1851-ல் அவற்றை அச்சில் வெளியிட்டார். ஆனால் பாறையை அவர் நேரில் பார்த்ததில்லை. நூறு வருடம் கழித்து, பாறை ஓவியங்களை ஆராய்ந்த செல்வின் டியூட்னி அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு கரை கரையாகத் தேடி 1958-ல் இங்கே வந்து சேர்ந்தார். இதே டியூட்னிதான் கொஞ்ச காலத்தில் மோரிசோவுக்கும் நண்பரானவர். பாறையில் இருக்கும் விரல் தடிமன் கோடு எப்படி கிளைன்பர்க் சுவருக்கு வந்தது என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

படம் எடுக்கலாம் என்று போனை நீட்டியபோது வலது கால் வழுக்கி முழங்கால் வரை தண்ணீர். ஆகஸ்டிலும் ஐஸ். போன் உள்ளே போய்விட்டது. பூங்கா ஊழியர் வலையால் எடுத்துக் கொடுத்தார், அது இன்னும் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவில் படங்கள் இல்லை.

மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். கொம்பு எத்தனை, வால் எந்தப் பக்கம், படகில் எத்தனை பேர் என்று குறுக்கு விசாரணை. பாதிக்குப் பதில் தெரியவில்லை. "இவ்ளோ தூரம் போயி என்னத்தடா பாத்த?"

அப்புறம் தண்டர் பே வரை ஐநூற்றைம்பது கிலோமீட்டர் போல ஓட்டினேன், ஒரு கால் ஈர ஷூவோடு. இரண்டு காட்டுமான், நான்கு மழை.

ஆகஸ்ட் 26, திங்கள்: தண்டர் பே

கலைக்கூடத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. இதை 1,400 கிலோமீட்டருக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

ஹில்கிரெஸ்ட் பூங்காவிலிருந்து 'உறங்கும் அரக்கன்' தெரிந்தது. ஏரியில் மல்லாந்து படுத்த மனிதன் போன்ற மலை. அது நானபிஜூ, வெள்ளிச் சுரங்க ரகசியம் வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்ததும் கல்லாகிவிட்டான் என்று சுற்றுலாப் பலகை முழுக் கதையும் சொன்னது. கொளுத்தும் வெயிலில். பலகைக்குப் பாம்பு பயம் கிடையாது போல.

இந்த ஊரின் தின்பண்டம் 'பெர்ஷியன்'. பொரித்த இனிப்பு ரொட்டி மேல் இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. ஒன்று தின்றால் மதியச் சாப்பாடு வேண்டாம்.

மாலையில் அம்மா ரைஸ் குக்கரை எடுத்தார். கடையில் மனோமின் வாங்கியிருந்தோம். நம் நெல்லுக்குத் தூரத்து உறவான ஒரு ஏரிப் புல்லின் விதை. படகில் போய், கதிரைக் கோலால் வளைத்துத் தட்டிப் படகுக்குள் உதிர்க்கிறார்கள். இந்த வாரங்களில்தான் அறுவடை தொடங்கும். கையால் வறுத்தது சீக்கிரம் வேகும், கறுப்பாகப் பளபளப்பது ஒரு மணி நேரம் எடுக்கும். நாங்கள் வாங்கியது கறுப்பு. குக்கர் மூன்று முறை அணைந்தது. கடைசியில் அரிசி வெடித்து, புகையும் தேயிலையும் கலந்த வாசனை. ஊறுகாயோடு சாப்பிட்டோம். "பழையதாப் போட்டா நல்லாருக்கும்" என்று மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தார். காலையில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்: தண்டர் பே

மோரிசோ இந்தப் பக்கத்துக்காரர். 1932-ல் பிறந்தவர், நிபிகான் ஏரிப் பக்கம் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். தாத்தா மருத்துவச் சடங்குகள் தெரிந்தவர், கதைகள் அவரிடமிருந்து. ஆறு வயதில் இதே ஊரில் இருந்த தேவாலய உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளின் மொழியைப் பிடுங்குவதற்காகவே நடந்த பள்ளிகள் அவை. கட்டடம் இப்போது இல்லை. பத்தொன்பது வயதில் சாகக் கிடந்தபோது ஒரு மருத்துவச்சி அவருக்குச் செம்பு இடிப்பறவை என்று பெயரிட, பிழைத்துக்கொண்டார். அந்தப் பெயரைத்தான் கடைசி வரை கையெழுத்தாகப் போட்டார், மனைவி கற்றுக்கொடுத்த, கிரீ என்ற இன்னொரு பழங்குடி மொழியின் எழுத்துகளில்.

1962-ல் டொரோன்டோவில் முதல் கண்காட்சி, எல்லாப் படமும் விற்றது. ஊரில் பெரியவர்கள் சிலருக்குக் கோபம். பனிக்காலத்தில், உரியவர்களுக்கு, அடுப்படியில் சொல்ல வேண்டியதை எல்லாக் காலத்துக்கும் எல்லோர் சுவரிலும் மாட்டிவிட்டான் என்று. அது எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று மிசிகீங் சன்னலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல மொழியைப் புடுங்கினா, அவன் எங்க வச்சுக் காப்பாத்துவான்?" என்றார். "அதுக்குன்னு பெரியவங்க கோபமும் தப்பில்ல."

2007-ல் அவர் இறந்தார். அதற்குப் பின் நடந்ததுதான் கொடுமை. 2023-ல் போலீஸ் எட்டுப் பேரைப் பிடித்து, அவர் பெயரில் வரைந்த போலி ஓவியங்கள் ஆயிரத்துக்கும் மேல் கைப்பற்றியது. கும்பலின் ஒரு பகுதி இந்த ஊரிலேயே இருந்தது. கலைக்கூடத்தில் காவலுக்கு நின்றவர் சொன்னார்: "கோட்டை யாரும் போடலாம். கோடு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது."

அம்மா அதிக நேரம் நின்றது ராய் தாமஸின் படத்துக்கு முன்னால். லாங்லாக் பக்கத்துக்காரர், 2004-ல் இறந்தவர். சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது, பாட்டியின் முதுகில் விரலால் அந்தக் கதையை வரைந்துகொண்டே கேட்பாராம். அதைப் படித்துச் சொன்னதும் அம்மா திரும்பி நின்றார்.

"போடு."

"என்னம்மா?"

"முந்தாநேத்து அந்தப் பாறையில பாத்தியே, அதைப் போடு."

கலைக்கூடத்தின் நடுவில், காவலர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் சேலை முதுகில் விரலால் கொம்பு போட்டேன், முதுகு முள், வால். "வால் மேலயா கீழயா?" "கீழ." "ம்."

கார் நிறுத்துமிடத்தில் கேட்டார், "இங்க பனி எப்ப விழும்?"

"தீவுல நவம்பர் கடைசியில கெட்டியா நிக்கும். உங்க டிக்கெட் அக்டோபர் பத்தொன்பதும்மா."

பெட்டியை மடியில் வைத்து ஆமையைத் தடவிக்கொண்டிருந்தார். வாவா தாண்டும் வரை பேச்சில்லை.

"டிக்கெட்டை மாத்துனா எவ்ளோ ஆகும்?"

"முந்நூறு டாலர் ஆகலாம்."

எத்தனை ரூபாய் என்று அவர் கேட்கவில்லை. கைக்குட்டையில் புகையிலை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.